குத்தகை நிலத்துப் பசும்புல்: தென்சென்னைப் புறநகரில் கோல்ஃப் மைதானங்களின் நில வரலாறு

பதினெட்டுக் குழிகள் கொண்ட முழு அளவிலான கோல்ஃப் மைதானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 120 முதல் 180 ஏக்கர் வரை, இடையில் பிறர் வயலோ வண்டிப்பாதையோ குறுக்கிடாத நிலம் வேண்டும். ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொண்டாலும் ஐம்பது ஏக்கர் அளவுக்கு இடம் இருந்தால்தான் ஆட்டம் நெருக்கடியின்றி நடக்கும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மடிப்பாக்கம், வேளச்சேரி என விரியும் தென்சென்னைப் புறநகரிலோ நிலத்தை ஏக்கர் கணக்கில் பேசும் வழக்கமே அருகிவிட்டது. அங்கே மனை கிரவுண்டு கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஓர் ஏக்கர் என்பது பதினெட்டு கிரவுண்டுக்குச் சற்றே கூடுதல் என்பதால், 120 ஏக்கர் மைதானம் என்றால் ஏறத்தாழ 2,180 கிரவுண்டு என்றாகிறது. ஒரு குடும்பம் தனக்கென ஒரு கோல்ஃப் மைதானம் அமைக்க விரும்பினால், இரண்டாயிரம் குடும்பங்கள் வீடு கட்டிக்கொள்ளப் போதுமான நிலத்தை அது ஒரே பட்டாவில் வைத்திருக்க வேண்டும். உலகின் வேறு பகுதிகளில் அவ்வாறு விரும்பி அதை நிறைவேற்றிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. தென்சென்னையில் இந்த ஆட்டம் வேரூன்றிய மைதானங்களோ, கிளப்புகளும் இராணுவமும் பொது நிலத்தையும் அரசு நிலத்தையும் சார்ந்து உருவாக்கியவை. இந்த வேறுபாட்டுக்குப் பணவசதியைவிட இப்பகுதியின் நிலவுடைமை வரலாறே முதன்மையான காரணமாகும்.

ஆட்டத்தின் அமைப்பை அறிந்தால்தான் நிலத்தேவை விளங்கும். பந்தை முதலில் அடிக்கும் மேடை ‘டீ’ எனப்படும். அங்கிருந்து குழி இருக்கும் திசையில் நீளும் சீரான புல்வெளி ‘ஃபேர்வே’. இடையிடையே ஆட்டக்காரரைச் சோதிப்பதற்காகத் தோண்டப்படும் மணற்பள்ளங்கள் ‘பங்கர்’. குழியைச் சுற்றிப் பாய் விரித்தாற்போல் நெருக்கமாக வெட்டப்பட்ட புல்பரப்பு ‘கிரீன்’. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். 1891 முதல் உலகெங்கும் இதே அளவுதான். நாலேகால் அங்குலக் குழிக்குள் பந்தைச் சேர்ப்பதற்காக நானூறு, ஐந்நூறு கஜ நீளமுள்ள நிலம் ஒதுக்கப்படுகிறது என்பதும், அத்தகைய பதினெட்டு ஃபேர்வேக்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அமைய வேண்டும் என்பதும், இந்த ஆட்டத்தை வேறெந்த ஆட்டத்தைக் காட்டிலும் நிலப்பசி மிகுந்ததாக ஆக்குகின்றன. நீர் அரிதான இந்திய ஊர்களில் கிரீனுக்குப் பதிலாக, எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தளம் நெடுங்காலம் பயன்பட்டது. அதன் நிறத்தைக் கொண்டு அதனை ‘பிரவுன்’ என்றே அழைத்தனர்.

குடும்பங்கள் மைதானம் உடையவையாக இருந்ததற்கு வரலாற்றில் இரண்டு தெளிவான எடுத்துக்காட்டுகள் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரை வெளி, ஊர்மக்கள் அனைவருக்கும் பொதுவான நிலமாகவே நூற்றாண்டுகளாக இருந்தது. கடன்பட்ட நகர மன்றம் 1797இல் அதனைக் கைவிட்டபின் முயல் வளர்க்கும் வணிகர்களின் ஆளுகைக்கு அது சென்றது. முயல் வளைகளுக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் நடந்த நெடிய வழக்குகளுக்குப் பிறகு, 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் உள்ளூர் நிலக்கிழார் அந்நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காத்தார். 1894இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக அது மறுபடியும் நகரத்தின் பொறுப்புக்கு வந்தது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரருகே ஹென்றி ஃபவுன்ஸ் என்னும் இரும்புத் தொழிலதிபர் 1903இல் 191 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை வாங்கி, தாமே வரைந்த திட்டப்படி ஓக்மான்ட் மைதானத்தை அமைத்தார். அவர் மகன் வில்லியம் அதனை மேலும் பல பத்தாண்டுகள் செதுக்கிக்கொண்டே இருந்தார். அமெரிக்க ஓப்பன் போட்டி 2025இல் பத்தாவது முறையாக அங்கு நடைபெற்றது. தந்தையும் மகனும் தங்கள் வாழ்நாள் முழுவதையும் ஒரே நிலத்துக்குக் கொடுத்த அந்த வரலாறு போற்றத்தக்கதுதான். ஆனால் 191 ஏக்கரை ஒரே கிரயத்தில் வாங்கக் கிடைத்தது என்பதே அதன் தொடக்கம்.

செங்கல்பட்டுச் சீமையில் அத்தகைய நிலம் கிடைப்பது ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே அரிது. 1763இல் ஆர்க்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கிய ஜாகீர் எனப்படும் இந்தப் பகுதியில், நிலம் காணியாட்சி அல்லது மிராசு முறையின்கீழ் இருந்தது. ஊரின் நிலம் முழுவதும் பங்குகளாக எண்ணப்பட்டு, ஒவ்வொரு மிராசுதார் குடும்பமும் இத்தனை பங்குக்கு உரியது என்று வகுக்கப்பட்டது. ஏரியின் மதகை ஒட்டிய நல்ல வயலில் ஒரு துண்டு, கடைமடையில் ஒரு துண்டு, மேட்டுப் புன்செயில் ஒரு துண்டு என்று அப்பங்கு சிதறிக் கிடப்பதே வழக்கம். நீரின் மிகுதியும் குறைவும் எல்லாக் குடும்பங்களையும் ஒப்பச் சேர வேண்டும் என்ற நோக்கில் சில ஊர்களில் குறிப்பிட்ட கால இடைவெளியில் நிலங்களை மாற்றி வகுக்கும் கரையீட்டு முறையும் நிலவியது. ஏரி, மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு, காட்டுப் புறம்போக்கு ஆகியவை எவர் பங்கிலும் தனித்துச் சேராமல் ஊர்ப் பொதுவாக நின்றன. ஆகவே வசதியுள்ள குடும்பமாயினும் அதன் சொத்து ஊரெங்கும் விரவிக் கிடந்ததேயன்றி ஓரிடத்தில் நூறு ஏக்கராகக் குவியவில்லை. தொடர்ச்சியான பெருவெளியாக எஞ்சியவை ஏரிகளும் மேய்ச்சல் தரைகளும் காடுமே; அரசு கைவைக்கக்கூடிய நிலங்களும் அவையே ஆயின.

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777இலேயே தொடங்கிவிட்டது. பந்தயத்தை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப் முறையாக அமைந்தது 1896இல். ஓடுபாதை நீள்வட்டமாக அமைவதால் அதன் நடுவே பெருவெளி ஒன்று பந்தய நாள்களிலும் வெறுமையாகவே கிடக்கும். அந்த வெளியில்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் உருவாயிற்று. ஸ்காட்லாந்தின் மஸ்ஸல்பரோவிலும் குதிரை ஓடுபாதைக்கு நடுவே பழைமையான கோல்ஃப் மைதானம் இருப்பதால், இந்த ஏற்பாடு அன்றைய ஸ்காட்டியர்களுக்குப் புதிதாகத் தோன்றியிராது. கல்கத்தாவில் 1829இலும் பெங்களூரில் 1876இலும் கோல்ஃப் கிளப்புகள் தோன்றியிருந்தன. 1884இல் தீவுத்திடலில் தோன்றிய ஜிம்கானா கிளப்பும் அந்த வரிசையிலேயே கோல்ஃபைச் சேர்த்துக்கொண்டது. அக்கிளப் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. கிண்டி வெளியைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அந்தப் புல்லை வெட்டினார்கள், பந்தைப் பொறுக்கினார்கள், பையைச் சுமந்தார்கள். ஆட்டக்காரர்களாக அதன்மேல் நடக்கும் வாய்ப்பு அவர்களுக்கு மட்டுமல்லாமல், படித்துப் பதவியும் செல்வமும் பெற்ற இந்தியர்களுக்கும் இருக்கவில்லை.

இந்தியரும் ஐரோப்பியரும் கலந்து பழக வேண்டும் என்ற எண்ணத்தோடு 1873இல் மவுண்ட் ரோட்டில் நிறுவப்பட்ட காஸ்மாபாலிட்டன் கிளப்பே இதற்கு விடை கண்டது. விடுதலைக்கு முன்பே அக்கிளப் நந்தனத்தில் தனது கோல்ஃப் மைதானத்தை அமைத்துக்கொண்டது. அந்த வட்டாரத்தின் நிலவரலாறு தனியே கருதத்தக்கது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோட்டின் மேற்கே நீண்டு கிடந்த ‘லாங் டேங்க்’ எனப்பட்ட பேரேரியின் மாம்பலப் பகுதி, 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராக உருவெடுத்தது. ஏரியின் தென்பகுதி இருந்த வட்டாரத்தில்தான் நந்தனமும் எழுந்தது. இனத்தின் பெயரால் மறுக்கப்பட்ட ஆட்டத்தைத் தம் முயற்சியால் மீட்டுக்கொண்ட அந்தத் தலைமுறையின் செயல் மதிக்கத்தக்கது. ஆயினும் அவர்களும் தனியொரு குடும்பத்தின் காணியைக் கொண்டு அதைச் செய்யவில்லை. இன்று அம்மைதானம் தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பின் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கிறது.

இனித் தாம்பரம். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதற்கு முன், அது காடும் கரடும் சூழ்ந்த சிற்றூர். அந்தக் காலத்தில் தனி மனிதரின் பெருங்கனவுக்கு அந்த ஊர் இடம் கொடுத்ததற்குச் சான்று தாம்பரம் சானடோரியம் ஆகும். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்தி வந்த டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து, தூய காற்றும் வெயிலும் ஓய்வும் நல்லுணவுமே காசநோய்க்கு மருந்து என்று நம்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். எதிருயிரி மருந்துகள் வருவதற்கு முந்தைய அக்காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை. அவர் பச்சைமலையின் அருகே 250 ஏக்கர் பரப்பில் 1928இல் தம் மருத்துவமனையைத் திறந்தார். ஒரு குடும்பத்தின் உழைப்பாலும் சேமிப்பாலும் அவ்வளவு பெரிய நிறுவனத்தைத் தாங்க முடியாத நிலையில் 1937இல் அது அரசின் வசம் சென்றது. இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாகவும், 1990கள் முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட இடமாகவும் விளங்கும் அது, ரயில் நிலையத்தின் பெயரிலும் நிலைத்துவிட்டது.

அதே 1937இல்தான் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. சேலையூர்க் காட்டில் அரசிடமிருந்து பெற்ற 350 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், சுவிஸ் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷாட்டியின் வரைபடப்படி கட்டடங்கள் எழுந்தன. புதர்க்காடாக இருந்த அந்த வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்து, எங்கே நிழல் வேண்டும், எங்கே காடு காடாகவே இருக்க வேண்டும் என்று கண்டு பேணிய பெருமை வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸுக்கும் அவர் துணைவி ஆலிஸ் பார்ன்ஸுக்கும் உரியது. ஃபவுன்ஸ் குடும்பம் ஓக்மான்டில் காட்டிய அதே பொறுமையை இத்தம்பதியர் தாம்பரத்தில் காட்டினர். ஆனால் அந்நிலத்தின்மேல் தனியுரிமை ஏதும் அவர்களுக்கு இல்லை. சானடோரியமும் கல்லூரியும் தாம்பரத்தின் இன்றைய வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இரு பெருந்துண்டுகளாக நிலைத்திருப்பதற்கு, அவை நிறுவனச் சொத்தாகித் துண்டாடப்படாமல் தப்பியதே காரணம்.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள், குடும்பம் ஒன்று பெருநிலம் வைத்திருப்பதற்கான வாய்ப்பை வெளிப்படையாகவே மூடின. 1961ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிலச்சீர்திருத்த (நில உச்சவரம்பு) சட்டம், ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு விதித்தது. 1970இல் அது 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைக்கப்பட்டது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது நிலத்தின் தரத்தைத் தீர்வையால் அளந்து கணக்கிடும் அலகாகும். நல்ல நன்செயில் அது ஏறக்குறைய ஓர் ஏக்கர், தீர்வை குறைந்த புன்செயில் அதுவே சில ஏக்கராக விரியும். எவ்வளவு விரித்துக் கணக்கிட்டாலும் பதினெட்டுக் குழிகளுக்குப் போதாது. கணவன், மனைவி, வயது வராத மகன்கள், மணமாகாத மகள்கள் என்று குடும்பத்துக்கே அச்சட்டம் வரையறை வகுத்தது. தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. மலையேறிய ஐரோப்பியர் விட்டுச்சென்ற கோல்ஃப் மரபும் மலைநாட்டில் தொடர்ந்தது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ஆம் ஆண்டிலிருந்து நடைபெறுகிறது. சமவெளியில் தொழில், வணிக நிறுவனங்கள் வரம்புக்கு மேல் நிலம் வைத்திருக்க அரசின் தனி அனுமதியைப் பெற வேண்டும். நிலமற்றவர்க்கு நிலம் சேர வேண்டும் என்ற நோக்கத்தோடு பிறந்த இச்சட்டம் அந்நோக்கத்தை முழுமையாக எய்தியதா என்பது தனி ஆய்வுக்குரியது. ஒரு குடும்பத்தின் ஓய்வுநேர ஆசையைக் காட்டிலும் உழுபவரின் தேவை முதன்மையானது என்று அது அறிவித்தது சரியே என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

தனிக் குடும்பத்துக்கு மூடிய வாயில் இராணுவத்துக்குத் திறந்தே இருந்தது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று, பாதுகாப்புத் துறை நிலத்தில் 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் 97 கோல்ஃப் மைதானங்கள் நடைபெறுவதைச் சுட்டிக்காட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பீரங்கிப் படையின் இருப்பிடமான பரங்கிமலையிலும், பல்லாவரம் கன்டோன்மென்ட்டிலும், தாம்பரம் விமானப்படைத் தளத்திலும் உள்ள நிலங்கள் மனைப்பிரிவாகாமல் இன்றுவரை எஞ்சியிருப்பதற்கும் பாதுகாப்புத் துறையின் உடைமையே காரணம்.

இந்த மைதானங்களில் வளரும் புல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெப்பநாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பரவலாக வளர்க்கப்படுவது தமிழ்நாட்டின் வரப்புகளிலும் வீட்டு முற்றங்களிலும் தானே படர்வதும், பிள்ளையாருக்கு மாலையாகத் தொடுக்கப்படுவதுமான அருகம்புல்லே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில், இந்த அருகையும் ஆப்பிரிக்க அருகையும் கலந்து, தாழ வெட்டினாலும் தாங்கும் மெல்லிய ஒட்டு வகைகள் 1950களிலும் 1960களிலும் உருவாக்கப்பட்டன. கிரீன்களில் விரிக்கப்படுபவை பெரும்பாலும் அவற்றின் வழிவந்தவை. தானே வளரும் அருகு நீரின்றிக் காய்ந்தாலும் அடுத்த மழையில் துளிர்த்துவிடும். கிரீனில் வளரும் அருகுக்குக் காய்ந்துபோகும் உரிமை கிடையாது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்க 10,000 லிட்டர் வேண்டும். கோடைநாள் ஒன்றில் ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், ஐம்பது ஏக்கர், அதாவது ஏறத்தாழ இருபது ஹெக்டேர் புல்லைப் பசுமையாக வைத்திருக்க நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் தேவைப்படும். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் அது எண்பதுக்கும் மேல். நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டுபோன 2019ஆம் ஆண்டுக் கோடையில் குரோம்பேட்டையிலும் மடிப்பாக்கத்திலும் குடங்களோடு காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து, தூரத்தைக் கணித்து, எந்த மட்டையை எடுப்பது என்று சொல்லித் தருபவர் ‘கேடி’ எனப்படுவார். இந்தியக் கோல்ஃபின் பெரும் திறமைகள் சில இந்த வரிசையிலிருந்தும் புல்பராமரிப்பாளர் குடும்பங்களிலிருந்தும் தோன்றியவை. கல்கத்தா மைதானத்தின் புல்பராமரிப்பாளர் ஒருவரின் மகனாக அங்கேயே வளர்ந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா ஐரோப்பியத் தொடர்களில் வெற்றி கண்டார். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். மைதானத்தின் ஒவ்வொரு சரிவையும் காலால் அறிந்தவர்கள் அவர்கள். ஒரு குடும்பம் தலைமுறையாக ஒரு கோல்ஃப் மைதானத்தோடு பிணைந்து வாழ்வது இந்தியாவில் எங்கேனும் நடந்திருக்கிறது என்றால், அது உரிமையாளர் குடும்பங்களைவிட இத்தகைய உழைப்பாளர் குடும்பங்களிலேயே மிகுதியாக நடந்திருக்கிறது. கிளப்புகளின் நூற்றாண்டு மலர்கள் தலைவர்களின் படங்களை வரிசையாக அச்சிடுவதைப் போல இவர்களின் பெயர்களையும் பதிந்து வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் நீதி.

கிண்டி வெளியின் அண்மைக்கால வரலாறு குத்தகைப் பத்திரம் ஒன்றைச் சுற்றி நடந்தது. 1945இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 1946 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அப்பத்திரப்படி, 160.86 ஏக்கர் அரசு நிலம் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை ஏறத்தாழ 614 ரூபாய். குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்ற கேள்வி எழுந்து, 1986இல் கிளப்பையே அரசுடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டு, அது திறமை சார்ந்த ஆட்டமே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியபின் பந்தயம் தொடர்ந்தது. வாடகைப் பூசல் மட்டும் ஓயவில்லை. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் வாடகை நிலுவையைச் செலுத்துமாறு கிளப்புக்கு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்துசெய்து, 9ஆம் நாள் நிலத்துக்கு முத்திரையிட்டது. வழக்கு மீண்டும் நீதிமன்றம் சென்றது. ஓடுபாதையின் நடுவே இருந்த கோல்ஃப் மைதானம் ஒரு குத்தகைக்குள் இன்னொரு ஏற்பாடாக இருந்தமையால், மேற்குத்தகை ஆட்டம் கண்டதும் அதன் நிலையும் கூடவே கேள்விக்குள்ளானது.

அரசு அந்நிலத்தில் முதலில் செய்தது குளங்கள் வெட்டியதாகும். கிண்டி மேட்டிலிருந்து வடியும் மழைநீர் வேளச்சேரி ஏரிக்குச் செல்கிறது. ஒருகாலத்தில் 250 ஏக்கருக்கும் மேல் இருந்த அந்த ஏரி, வீட்டுவசதிக்கும் சாலைக்கும் பிற ஆக்கிரமிப்புகளுக்கும் இழந்ததுபோக ஏறத்தாழ 55 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. 2015 டிசம்பர் முதல் நாளன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரை நீர் ஏறியது முதற்கொண்டு, தென்புறநகரில் காலி நிலத்தின் மதிப்பு கிரவுண்டு விலையால் மட்டும் அளக்கப்படுவதில்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்கும் அதே சிக்கலே முன்னிற்கிறது: எங்கே நீரை நிறுத்துவது என்பது. கிண்டியில் குதிரைகள் சுற்றிவந்த பாதைக்கு உட்புறத்தில் தோண்டப்பட்ட நான்கு குளங்கள், வேளச்சேரிக்கு ஓடும் வெள்ளத்தின் ஒரு பகுதியை அங்கேயே தேக்கி வைப்பதற்காக 2024ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அமைக்கப்பட்டன.